எண்ணி நெய்த சாரம்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் சங்கும் உப்பும் நினைவிற்கு வரும். பாண்டியர் காலத்தில் கொற்கைத் துறையிலிருந்து முத்துகள் கடல் கடந்து சென்றன. கொற்கை மண்மேடிட்டுக் கடலைவிட்டு விலகிய பின்னர், முத்துக்குளித்துறையின் பெருமை நாளடைவில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அங்குக் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டு 1961. அதன்பின் முத்துப் படுகைகள் வளம் குன்றின, சலாபமும் நின்றது. ஆயினும் அக்கரையில் அன்றுபோல் இன்றும் மாறாத காட்சி ஒன்று உண்டு. தோணியில் சரக்கு ஏற்றுவோரும், வலை உலர்த்துவோரும், உப்பளத்தில் பாடுபடுவோரும், மாலை வேளையில் கடற்காற்று வாங்குவோரும் ஆகிய பலருடைய இடையில் விளங்குவது கட்டம் போட்ட துணியே. தென்பாண்டி நாட்டார் அதனைச் சாரம் என்பர். பிற ஊர்களில் அது கைலி என்றும் லுங்கி என்றும் வழங்கும்.

சாரம் எளிய உடை. ஆதலால் அதில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு கணக்கு. அக்கணக்கில் இழையும் பிழை நேராமல் காப்பது நெசவாளரின் தொழில்.

துணியை நெய்து முடித்த பிறகு அதன் மேல் கட்டங்களைப் பதிக்கும் முறையும் உண்டு. அவ்வாறு பதித்த துணியைப் புரட்டிப் பார்த்தால் உட்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். நெய்த சாரத்திற்கு உள்ளும் புறமும் என்னும் வேறுபாடு இல்லை. இரு பக்கமும் ஒன்றுபோலவே விளங்கும். அதன் கட்டம் துணியின்மேல் பின்னர் வந்து சேர்ந்ததன்று. துணியோடு உடன் பிறந்தது.

எந்தத் துணிக்கும் இருவகை நூல் வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அப்பாவின் ஊடே குறுக்காகச் சென்று மீள்வது ஊடை. பாவிலும் ஊடையிலும் வெள்ளை நூலே இருந்தால் வெள்ளைத் துணி கிடைக்கும். பாவில் மட்டும் இடையிடையே நிற நூல் வந்தால் நீளக் கோடுகள் தோன்றும். ஊடையில் மட்டும் வந்தால் குறுக்குக் கோடுகள் தோன்றும். இரண்டிலும் நிற நூல் முறையாக மாறி மாறி வந்தால் கட்டங்கள் பிறக்கும்.

சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடம் முழுச் சிவப்பாகும். சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். சிவப்பும் நீலமும் கலந்த இடம் ஊதா போலத் தோன்றும். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிற நூல்களைக்கொண்டு நெய்தால் மூன்று தனி நிறங்களும் மூன்று கலப்பு நிறங்களும் ஆக ஆறு நிறங்கள் கண்ணுக்குத் தோன்றும். நான்கு நிற நூல்கள் இருப்பின் பத்து நிறங்கள் தோன்றும். இக்கலப்பு சாயத் தொட்டியில் நிகழ்வதன்று, தறியில் நிகழ்வது.

இனிக் கட்டத்தின் கணக்கைக் காண்க. ஒரு சாரத்தின் கட்டம் சிவப்பு 40 இழை, வெள்ளை 4 இழை, நீலம் 12 இழை, வெள்ளை 4 இழை என்னும் முறையில் அமைவதாகக் கொள்க. மொத்தம் 60 இழை. பாவில் அங்குலத்திற்கு 60 இழை அடங்குமானால் ஒரு கட்டம் ஓர் அங்குல அகலம் பெறும். சாரத்தின் அகலம் 48 அங்குலமாயின், ஓரத்துக் கரை நூல் நீங்கலாக, 2,880 பாவு இழைகள் வேண்டும். அவை அனைத்தும் நிற வரிசை பிறழாமல் நிற்றல் வேண்டும்.

ஊடைக்கும் இதே கணக்குத்தான். சிவப்பு நாடா 40 முறை ஓடும். வெள்ளை நாடா 4 முறை. நீல நாடா 12 முறை. மீண்டும் வெள்ளை நாடா 4 முறை. இவ்வெண்கள் யாவும் இரட்டைப்படை எண்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரட்டைப்படை முறை ஓடிய நாடாவே தான் புறப்பட்ட பக்கத்திற்குத் திரும்பி வந்து, அடுத்த முறைக்கு ஆயத்தமாக நிற்கும். சாரத்தின் நீளம் 80 அங்குலம் என்றால் நாடா 4,800 முறை ஓட வேண்டும். நெசவாளர் ஏறத்தாழ 320 முறை நாடாவை மாற்ற வேண்டும். ஒரு சாரத்தில் இத்தனை உழைப்பு உறைந்துள்ளது.

எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒவ்வொரு முறை நாடா ஓடிய பின்னும் சீப்புப் போன்ற அச்சினால் ஊடையை அடித்து நெருக்குவர். அந்த அடி ஒரே சீராக விழ வேண்டும். மெலிந்து விழுந்து, அங்குலத்திற்கு 60 இழைக்குப் பதிலாக 50 இழையே அடங்குமானால், ஓர் அங்குலத்தில் முடிய வேண்டிய கட்டம் ஒன்றேகால் அங்குலத்தை நெருங்கும். சதுரம் சதுரமாக இராது, நீண்டுபோகும். வெள்ளைத் துணியில் இத்தகைய குறை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கட்டம் போட்ட துணியோ நெய்தவரின் கைத்தளர்ச்சியை ஒளிக்காமல் காட்டிவிடும்.

இவ்வளவு நுட்பம் வாய்ந்த தொழில் ஒருவர் கையால் முடிவதன்று. குடும்பம் முழுவதும் அதில் பங்கு கொள்ளும். சாயமிட்டு உலர்ந்த நூற்கழிகளைப் பெண்டிரும் முதியோரும் இராட்டையில் சுற்றுவர். நாடாவுக்குள் வைக்கும் சிறு குழல்களில் ஊடை நூலைச் சுற்றுதலைத் தார் சுற்றுதல் என்பர். பாவு ஓடுதல் என்பது நிற வரிசைப்படி இழைகளை எண்ணி நீளமாக ஓட்டி அமைக்கும் வேலை. இங்கு ஓர் இழை மிகுந்தாலும் குறைந்தாலும் அப்பிழை பாவின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோடாக ஓடும். பின்னர் எத்துணைத் திறமையுடன் நெய்தாலும் அதனை மறைக்க இயலாது.

பாவு ஓடிய பின் அதற்குக் கஞ்சி ஊட்டுவர். வெயில் ஏறுமுன், விடியற்காலையில், தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கட்டி, தூரிகையால் நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிடுவர். வெயில் முற்றிவிட்டால் நூல் முறுகி அறும். மழை தூறினால் கஞ்சி கரையும். ஆகவே வானத்தைப் பார்த்தே அன்றைய வேலை தொடங்கும். அதன்பின் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு பிணைப்பர். குழித்தறியின் குழியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர், மிதியை மிதிக்கப் பாவு இரு பகுதியாய்ப் பிரிந்து வழிவிடும். கயிற்றை இழுக்க நாடா பாயும். அச்சு வந்து அடிக்கும். கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, கண் ஒரு வேலை செய்ய, மனம் எண்ணிக்கொண்டேயிருக்கும். தறி நிலத்தோடு ஒட்டியிருப்பதால் மண்ணின் ஈரம் பாவை முறுகாமல் காக்கிறது.

சாரத்தின் சிவப்பு நிறத்திற்கும் முத்துக் கடலுக்கும் பழைய உறவு உண்டு. கடற்கரை மணலில் சாயவேர் என்னும் சிறு செடி வளர்கிறது. இம்பூறல் என்பதும் அதன் பெயரே. அதன் வேரைத் தோண்டி எடுத்து, படிகாரத்தின் துணையுடன் நூலில் ஏற்றினால் எளிதில் மங்காத சிவப்பு நிறம் கிடைக்கும். முத்துக் கடலின் மறுகரையான மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இவ்வேரைத் தோண்டும் தொழில் ஒரு காலத்தில் அரசுக்கு வருவாய் தந்தது. செந்நிறச் சாயப் பொருள் ஒன்றைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1868-ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலார் கண்டனர். அதன்பின் வேர்ச்சாயத் தொழில் படிப்படியாக நலிந்தது. இன்று நூலில் ஏறுபவை பெரும்பாலும் ஆலைச் சாயங்களே.

கட்டம் போட்ட துணி தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. குளிர் மிகுந்த ஸ்காத்லாந்து மலைநாட்டார் ஆட்டு மயிரால் கட்டம் போட்ட கம்பளிகளை நெய்து போர்த்தனர்; அவை டார்ட்டன் எனப்படும். அங்கும் பாவின் நிற வரிசையே ஊடையின் நிற வரிசையாக அமையும். சாரத்தில் ஊடை, ஓர் இழை மேலும் ஓர் இழை கீழுமாகச் செல்லும். டார்ட்டனில் ஈரிழை மேலும் ஈரிழை கீழுமாகச் சென்று, ஒவ்வொரு வரிசையிலும் ஓரிழை தள்ளி அமைவதால் சாய்ந்த வரிகள் தோன்றும். 1746-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி, கிளர்ச்சி செய்த அம்மலைநாட்டாரை அடக்கக் கருதி, அவர்களுடைய உடைக்கே தடை விதித்தது. 1782-ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. ஒரு நாட்டாரின் துணி அவர்தம் மானத்தோடு பின்னியது என்பதற்கு இஃது ஒரு சான்று. தமிழ் நாட்டுக் கட்டத் துணியும் கடல் கடந்து புகழ் பெற்றது. கட்டம் போட்ட சாரத்தை மலாய் மொழியில் 'காயின் பெலேக்காட்' என்பர். அப்பெயரில் ஒலிப்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயர்.

தூத்துக்குடித் துறையும் துணி வணிகத்தால் வளர்ந்ததே. 1658-ஆம் ஆண்டில் அத்துறையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் முத்தையும் சங்கையும் மட்டுமன்றிப் பருத்தித் துணிகளையும் ஏற்றுமதி செய்தனர். ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறியது. கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி, துணியாகாமல் பஞ்சாகவே கப்பல் ஏறியது. இங்கிலாந்தின் ஆலைத் துணி இந்நாட்டுச் சந்தைகளில் வந்து குவிந்தது. விளைத்தவன் நாட்டிலேயே நெய்தவன் வேலையிழந்தான்.

இதனைக் கண்டு வருந்தியவருள் ஒருவர் ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பலரும் அறிவர். அதே தூத்துக்குடியில் அவர் தரும சங்க நெசவுச் சாலை ஒன்றையும் நிறுவினார் என்பதைச் சிலரே அறிவர். கடலில் சொந்தக் கப்பல் ஓட வேண்டும். கரையில் சொந்தத் தறி ஓட வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே அவர் விரும்பிய சுதேசியம். 1908-ஆம் ஆண்டில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றவரும் அவரே. அவ்வாண்டிலேயே அவர் சிறைப்பட்டார். இன்று அத்துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விடுதலை பெற்ற நாட்டில் கைத்தறியைக் காக்க வழிகள் வகுக்கப்பட்டன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணிகளை விற்க 1935-ஆம் ஆண்டிலேயே தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தொடர்ந்து பணிபுரிந்து வருகிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியவை என ஒதுக்க வழி செய்தது. லுங்கியும் படுக்கை விரிப்பும் அவற்றுள் அடங்கும். 2006-ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. ஆயினும் போட்டி ஓயவில்லை. கைத்தறி ஒரு சாரம் நெய்யும் நேரத்தில் விசைத்தறி பல சாரங்களை நெய்துவிடும், விலையும் குறையும். விசைத்தறித் துணியே கைத்தறி என்னும் பெயரில் விலைபோவதும் உண்டு. அப்போது ஏமாறுபவர் இருவர்: பொருள் கொடுத்து வாங்கியவர் ஒருவர், நாளெல்லாம் எண்ணி நெய்தும் கூலி குறைந்தவர் மற்றொருவர். கூலி கட்டுப்படியாகாமையால் நெசவாளர் பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். குழியிலிருந்து எழுந்த ஒருவர் மீண்டும் அமராவிட்டால், அவர் கை கற்ற சீரான அடியும் அவரோடு போகும். அதனை ஏட்டில் எழுதி வைக்க இயலாது.

கட்டம் போட்ட சாரம் ஒன்றை எடுத்து, அதன் மூலையை ஓரத்தோடு ஓரம் பொருந்துமாறு குறுக்காக மடித்துப் பார்க்க. பாவின் கோடுகள் ஊடையின் கோடுகளோடு இழை பிசகாமல் பொருந்துமானால், அக்கட்டங்கள் உண்மைச் சதுரங்கள். நாடா ஓடிய ஆயிரக்கணக்கான முறையும் நெய்தவரின் கவனம் சிதறவில்லை என்பதற்கு அதுவே சான்று. முத்தின் தரத்தை அறிய வல்லுநர் வேண்டும். நல்ல சாரத்தின் தரத்தை அறிய ஒரு மடிப்பே போதும். அதனை அறிந்து, உரிய விலை கொடுத்து வாங்குவோர் பெருகும்வரை தறிக்குழியில் நெசவாளர் அமர்ந்திருப்பார்.