சுண்டு விரலின் கைவண்ணம்!

வலது கை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக் கொள்ளுங்கள். இப்போது சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக, காரம்போர்டு காயைச் சுண்டுவது போல ஒவ்வொன்றாக வெளியே சுண்டுங்கள், பார்க்கலாம்! என்ன, மோதிர விரல் பக்கத்து விரலையும் கூடவே இழுத்துக் கொண்டு கிளம்புகிறதா? வெட்கப்பட வேண்டாம். கிதார் கற்கும் ஸ்பெயின் தேசத்துப் பிள்ளைகளும் இங்கேதான் முதலில் திண்டாடுகிறார்கள்.

இந்த வித்தைக்கு 'ராஸ்கெயாதோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'ராஸ்கார்' என்றால் கிழிப்பது. அதன் வழி வந்த சொல் இது. நான்கு நகங்களும் ஆறு தந்திகளின் மேல் ஒன்றன் பின் ஒன்றாகப் பாய, ஓட்டுக் கூரையில் மழை கொட்டுவது போல நாதம் எழுகிறது.

இவ்வளவு ஆரவாரம் எதற்கு? தெற்கு ஸ்பெயினில் ஆண்டலூசியா என்ற பிரதேசம். ஜிப்ஸிகளும் மற்றவர்களும் சேர்ந்து அங்கே வளர்த்த கலை பிளமெங்கோ. 19-ம் நூற்றாண்டில் அது பாட்டு விடுதிகளில் மேடை ஏறியது. ஒலிபெருக்கி கிடையாது. ஆடுகிறவளின் குதிகால் மரப் பலகையில் இடி இடிக்கும். சுற்றி இருப்பவர்கள் கை தட்டுவார்கள். பாடகர் உச்ச ஸ்தாயியில் கதறுவார். நடுவில் ஒற்றைக் கிதார்! அது காதில் விழ வேண்டுமானால் ஒரு விரல் போதுமா?

வெறும் சத்தமும் போதாது. பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழ வேண்டும். பிசகினால், ஆடுகிறவளின் கால் அந்தரத்தில் நிற்கும்!

நம் கை, பற்றிப் பிடிப்பதில் பலசாலி. விரித்து வீசுவதில் சோனி. அந்தச் சோனித் தசைகளை மாதக் கணக்கில், மெதுவாகப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் நகம் ஒடியும். பசை தடவி நகத்தைக் கெட்டிப்படுத்திக் கொள்ளும் வித்வான்களும் உண்டு.

1947-ல் அல்ஹெஸிராஸ் நகரில் பிறந்த பாகோ தெ லூஸியாவின் கதையைக் கேளுங்கள். ஏழ்மையால் சிறு வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றது. தந்தையே குரு, கிதாரே பாடம். இசைக் குறிப்பு படிக்கத் தெரியாமலே உலகப் புகழ் பெற்றார். 1991-ல், ரோத்ரிகோ என்ற மேதை 1939-ல் இயற்றிய அரான்ஹுவேஸ் கச்சேரி இசையை முழு வாத்தியக் குழுவுடன் வாசித்தார். "ஏட்டுச் சங்கீதம் இவருக்கு எதற்கு?" என்று கேட்கக் கூடியவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? மூன்று வயதிலேயே பார்வை இழந்த ரோத்ரிகோவும் சபையில் அமர்ந்து கேட்டார். அந்த இசை எப்படி ஆரம்பமாகிறது தெரியுமா? கிதாரின் ராஸ்கெயாதோவில்தான்! விடுதியில் முழங்கிய விரல் வீச்சுக்கு மேடையில் முதல் மரியாதை!

2014-ல் பாகோ மறைந்தார். இசைத் தட்டுகளில் அந்த மழை இன்னும் பெய்கிறது.

எங்கே, இன்னொரு தடவை விரல்களை மடக்குங்கள். சுண்டு விரலிலிருந்து ஆரம்பியுங்கள்... மெதுவாக!