கங்கைக் கரையில் தென்படும் டால்பின்: நொடியில் மறைவது ஏன்?

பாட்னா, பாகல்பூர் போன்ற நகரங்களில் கங்கைக் கரையோரம் நடைப்பயிற்சி செய்வோர், சாம்பல் நிற முதுகொன்று நீருக்கு மேல் எழுந்து, அடுத்த நொடியே மறைவதைக் காண நேரிடலாம். அது மீன் அன்று. இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பின்.

பாலூட்டியான டால்பினுக்குச் செவுள்கள் இல்லை, நுரையீரலால் சுவாசிக்கிறது. ஆகவே, ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறையாவது அது மேலே வந்தாக வேண்டும். காற்றை இழுத்ததும் மூழ்கிவிடும்.

அதன் கண்களில் வில்லை இல்லாததால் உருவங்களைக் காண இயலாது. தான் எழுப்பும் மீயொலி எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டே இரையையும் வழியையும் அறிகிறது. மீன்வலையின் மெல்லிய இழைகளை இம்முறையில் உணர்வது கடினம். வலையில் சிக்கும் டால்பின், மேலே வர முடியாமல் மூச்சுத்திணறி இறக்கிறது.

மத்திய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 8 மாநிலங்களின் 28 ஆறுகளில் நடத்தப்பட்ட ஆய்வில் 6,327 ஆற்று டால்பின்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. உத்தர பிரதேசம், பிகார் மாநிலங்களில்தான் இவை மிகுதி.

இவற்றில் பஞ்சாபின் பியாஸ் ஆற்றிலுள்ள சிந்து டால்பின்கள் 3 மட்டுமே. இந்தியாவில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த இனம், 2007-இல் அங்கு எதிர்பாராத வகையில் தென்பட்டது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதால், டால்பினை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றமாகும். வலையில் சிக்கிய டால்பினைக் கண்டால், உடனடியாக வனத்துறைக்குத் தெரிவிப்பது அதன் உயிரைக் காக்க உதவும்.