ஃபார்மட் அடிப்பதற்கு முன்

சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, அடிக்கடி ஹேங் ஆகிறது என்று பழைய கம்ப்யூட்டரைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பல இடங்களில் கேட்கும் பதில் ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம் சார்.” கோளாறு வைரஸால் என்றால் அது சரியான வைத்தியமாக இருக்கலாம். கெட்டுக்கொண்டிருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால், பிள்ளையின் காதுகுத்துப் படங்களும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகலும் அந்த வைத்தியத்திலேயே போய்விடும். புது டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் இருந்தவை கிடைக்காது. அதனால் முதலில் நகல், பிறகுதான் மற்ற எல்லாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அவற்றைப் படிக்கும் ‘ஹெட்’ தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று புரியும். தகட்டில் ஓரிடம் நலிந்தால் டிஸ்க் உடனே கையை விரித்துவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மவுஸ் நகரும், ஃபோல்டர் திறக்காது, கேபினட்டின் முன்பக்கத்துக் குட்டி விளக்கு அணையாமல் எரியும். ‘ஸ்லோ’ என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ‘ஸ்மார்ட்’ எனப்படும் அந்தப் பதிவேட்டைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக உபரி இடங்கள் எத்தனை ஒதுக்கப்பட்டன என்பதை 05 சொல்லும். படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள் சி5-இல் இருக்கும். சரிசெய்யவே முடியாதவை சி6-இல். கடைகளில் ‘பேட் செக்டர் விழுந்துவிட்டது’ என்பது இதைத்தான். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல, அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை. கேபிளை மாற்றிப் பார்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. டிஸ்க் வாங்கும் முன் பார்த்துவிடுவது நல்லது.

மஞ்சளைக் கண்டும் ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விடுவது ஆபத்து. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஸ்கேன் பிழை முதல்முறை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பத்தைத் தவிர்த்த ஸ்மார்ட் பதிவுகள் எதிலும் முன்னறிகுறியே காட்டவில்லை. நீல நிறம் ஒரு வாக்குறுதி இல்லை.

எதை முதலில் எடுப்பது? படங்கள், ஆவணங்கள், சிறு வியாபாரம் நடக்கும் வீடாக இருந்தால் டேலி கணக்கு. சினிமாவும் விண்டோஸ் ஃபோல்டரும் கடைசி. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. வழியாக மாட்டி எடுப்பது சிறந்தது. டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, அதை யு.எஸ்.பி. மட்டும் தராது, தனி அடாப்டர் உள்ள கேபிளாகக் கேட்டு வாங்க வேண்டும். நகல் எடுப்பது பாதியில் சிக்கி நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. அது சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எது பாக்கி என்று குறித்து வைப்பதால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

நகல் கையில் வரும் முன் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. தளர்ந்த டிஸ்க்கை அது முழுவதுமாகப் படிக்க வைக்கக்கூடும், ஃபைல் அமைப்பையும் திருத்தி எழுதக்கூடும். டிக், டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் ஹெட்டே பழுதாகியிருக்கக்கூடும். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா மீட்பு நிலையத்தைத்தான் நாட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போகும்.

இனி பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டும் வேலை. பட்டையான அகலக் கேபிளும் 40 பின்களும் இருந்தால் அது ஐ.டி.இ. காலத்து இயந்திரம், தரவை மீட்டுக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே உத்தமம். மெல்லிய கேபிள், ‘எல்’ வடிவ இணைப்பு என்றால் சாட்டா, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. அதே கேபிளில் அப்படியே பொருந்தும். எம்.2 வகையை வாங்கிவிடக் கூடாது, பழைய மதர்போர்டில் அதற்கு இடமே இராது. பழைய சாட்டா போர்ட்டின் வேகம் குறைவுதானே என்று தயங்க வேண்டியதில்லை. 7200 சுற்று டிஸ்க்கின் தகடு ஒரு சுற்று முடிக்கவே 8.3 மில்லி விநாடி ஆகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. தேடிய தரவு சுமார் 0.1 மில்லி விநாடியில் வந்துவிடும். பழைய இயந்திரம் புதிதுபோல் தோன்றுவது இதனால்தான்.

பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். பழைய டிஸ்க்கின் ஸ்க்ரூவை எஸ்.எஸ்.டி.யில் முறுக்கக் கூடாது. அதன் மரை பருமனானது, எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியது மெல்லிய எம்3 ஸ்க்ரூ. வலுக்கட்டாயமாகத் திருகினால் புதியதின் மரை சிதைந்துவிடும்.

நோயுற்ற டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்தால் சிதைந்த ஃபைல்களும் கூடவே வரும். ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடுவதே மேல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது, பல பழைய போர்டுகளில் அது கிடையாது. இணையம், கடிதம், வீடியோ மட்டும் போதும் என்ற வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம்.

பழைய டிஸ்க்கை உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். நகலில் உள்ள படங்களைத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, முழுவதும் மேலெழுதி அழித்தோ தகடுகளில் துளை போட்டோ கொடுக்கலாம்; விரைவு ஃபார்மட் தரவை அழிப்பதில்லை. எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடியது. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அதில் உள்ள தரவு கசிந்துபோகவும் வாய்ப்புண்டு. எனவே குடும்பப் படங்களின் இரண்டாவது நகலை வெளியே மாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, அவ்வப்போது மாட்டிப் பார்ப்பது நல்லது.