உங்களுக்குத் தெரியுமா? பறங்கிமலைக்குப் படி போட்டவர்!

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் பிரதான சாலையைப் பிடித்து, கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், உள்ளகரம், வாணுவம்பேட்டை என வடக்கே போனால் பறங்கிமலை என்கிற புனித தோமையார் மலை வந்துவிடும். கோவிலம்பாக்கம் ஊராட்சி அடங்கியிருப்பதே புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியத்தில்தான். அரசுக் காகிதங்களில் அடிக்கடி பார்க்கிற அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை சங்கதிகள்!

● மலையின் உயரம் சுமார் 300 அடிதான். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமா, கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கி, 72இல் இந்த மலையில் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவ மரபு. அவர் மறைந்திருந்த குகை சைதாப்பேட்டைச் சின்னமலையிலும், அவரை அடக்கம் செய்த இடம் சாந்தோமிலும் இருப்பதாகச் சொல்வார்கள்.

● மலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் ஆலயம் எழுப்பியது 1523இல். 1547இல் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை அகப்பட்டது. இன்றும் பீடத்தில் அதைப் பார்க்கலாம். சிலுவையின் நான்கு முனைகளிலும் மொட்டு வடிவம், தலைக்கு மேல் கீழ்நோக்கி இறங்கும் புறா, அடியில் விரிந்த இதழ்கள். இயேசுவின் உருவம் அதில் கிடையாது. சுற்றியுள்ள வளைவில் ஏதோ எழுத்து ஓடுகிறது.

● அந்த எழுத்து தமிழுமல்ல, வடமொழியுமல்ல. பழைய பாரசீகத்தில் வழங்கிய பகலவி. போர்ச்சுக்கீசியர் காலத்தில் உள்ளூர்ப் பண்டிதர் ஒருவரை அழைத்துக் காட்ட, அவர் தோமாவின் கதையையே நீளமாக ‘வாசித்து’விட்டாராம்! அது பகலவி என்பதை 1873இல் எழுதிய கட்டுரையில் விளக்கியவர் ஆங்கிலேய அதிகாரி ஏ.சி. பர்னெல். தென்னிந்தியக் கல்வெட்டுகளை ஆராய்ந்து பெயரெடுத்தவர் அவர். பொருள் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

● இதே பகலவி வாசகத்தோடு கூடிய சிலுவைகள் கேரளத்திலும் உண்டு. கோட்டயம் வலிய பள்ளியில் இருப்பது பிரபலம். எழுத்தில்லாத உறவுக்காரச் சிலுவை ஒன்று 1912இல் இலங்கை அனுராதபுரத்தில் கிடைத்தது. பாரசீகக் கிறிஸ்தவர்கள் கடல்வழியாக இங்கெல்லாம் வந்துபோனதற்கு இந்தக் கற்களே சாட்சி.

● 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சிலுவையில் இரத்தம் கசிந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. கடைசியாகக் கசிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1704. ‘இரத்தம் கசிந்த சிலுவை’ என்ற பெயர் இதனால்தான்.

● சரி, மலையேற அந்தக் கற்படிகளைப் போட்டது யார்? போர்ச்சுக்கீசியரும் இல்லை, கும்பினிக்காரரும் இல்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பாரசீகத்தின் ஜுல்பாவிலிருந்து வந்தவர், மணிலாவோடு வணிகம் செய்து செல்வம் சேர்த்தவர். வயதானவர்களும் மலையேறிக் கும்பிட வேண்டும் என்று கைக்காசு போட்டுப் படி கட்டினார்.

● படி கட்டினால் போதுமா? பட்டணத்திலிருந்து மலைக்கு வர அடையாற்றைத் தாண்டியாக வேண்டுமே! வெள்ளம் வந்தால் பக்தர்கள் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726இல் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பல வளைவுகள் கொண்ட ஒரு பாலத்தை உஸ்கான் கட்டினார். செலவு 30,000 வராகன். பாலம் பின்னாளில் பழுதாகுமே என்று யோசித்துப் பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகனும் எடுத்து வைத்தார். மாம்பலம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ‘மார்மலாங்’ ஆக, பாலத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

● அந்தப் பாலம் இப்போது இல்லை. 1960களில் அந்த இடத்தில் எழுந்ததுதான் நாம் போய்வரும் மறைமலை அடிகள் பாலம். ஆனால் உஸ்கானின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு மட்டும் பாலத்தோடு போகாமல் சாலையோரத்தில் பிழைத்துக் கிடந்தது. ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழிகளில் எழுதிய கல் அது. பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்!

● 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கானின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். எங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருகிறோம் என்றதற்கு அவர் மசியவில்லை. 1751இல் காலமானார். உடல் வேப்பேரியில் அடக்கமானது. அவர் விரும்பியபடி இதயத்தை மட்டும் எடுத்துப் பிறந்த ஊரான ஜுல்பாவுக்குக் கொண்டுபோனார்கள்.

● ஹைதர் அலி 1769இல் படையோடு வந்து இறங்கிய இடமும் பறங்கிமலைதான். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் ஆடிப்போய்ச் சமாதானம் பேசினார்கள். அதுவே சென்னை உடன்படிக்கை.

● கோவிலம்பாக்கத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு தகவல். இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண நில அளவைக்கு முதல் அடிக்கோடு போடப்பட்டது இந்தப் பக்கத்தில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பறங்கிமலை அருகே அளக்கத் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை போனார். தூரம் சுமார் ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய 400 தடவை வைத்து வைத்து எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீண்டுவிடுமே! அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டுக்குக் கணக்குப் பார்த்தார்கள். இங்கே தொடங்கிய முக்கோணங்கள்தான் தலைமுறை கடந்து இமயம் வரை போய், எவரெஸ்டின் உயரத்தைச் சொல்ல வழிசெய்தன.

● மலைச் சிலுவை தபால்தலையிலும் ஏறியிருக்கிறது. தோமா இறந்து 1,900 ஆண்டுகள் ஆனதையொட்டி 1973இல் இந்தியத் தபால் துறை அதை வெளியிட்டது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் சென்னை வந்தபோது இந்த மலைக்கும் வந்து ஜெபித்தார்.

● உச்சி வரை வண்டி போகும் பாதை இப்போது உண்டு. ஏறி நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். டிசம்பர் 18 திருவிழாவுக்குப் போகிறவர்கள் காரை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுப் படியேறுங்கள். 30,000 வராகன் போட்டுக் கட்டிய பாலம் போய்விட்டது. படிகளில் இன்றும் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.