சரக்கு இல்லையா, சாமர்த்தியமா?

தில்லி கன்னாட் பிளேஸில் தரைக்கடியில் இயங்கும் பாலிகா பஜாருக்கு ஒரு பெயர் உண்டு: மேலே கிடைக்காதது கீழே கிடைக்கும். சோனியின் விடியோ கேம் இயந்திரமான பிளேஸ்டேஷன் 5 விஷயத்திலும் அதுதான் கதை. 2021 ஜனவரி 12 நண்பகலில் இந்தியாவில் முன்பதிவு தொடங்கியது. சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தது. ரூ. 49,990-ஐ எண்ணிக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது. பல ஆயிரம் கூடுதலாகத் தரத் தயாரானவர்களுக்கோ கள்ள மார்க்கெட்டில் பெட்டி கிடைத்தது.

முதல் நாள் முதல் காட்சிக்கு பிளாக்கில் டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு ஒரு சந்தேகம் உடனே எழும். தியேட்டர்காரரே டிக்கெட்டை வெளியே அனுப்பியிருப்பாரோ? சோனியே வேண்டுமென்று தட்டுப்பாட்டை உண்டாக்கியதோ?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டியையும் சோனி நஷ்டத்துக்குத்தான் விற்றது. லாபம் பிறகு வாங்கப்படும் விளையாட்டுகளிலும் சந்தாவிலும் இருக்கிறது. பெட்டி வீட்டுக்கு வராவிட்டால் அந்த வருமானமும் வராது. 2021 மார்ச் வரை உலகெங்கும் 78 லட்சம் பெட்டிகள் விற்றன. முந்தைய பிளேஸ்டேஷன் 4 தொடக்கத்தில் இதே கால அளவில் விற்றது 76 லட்சம். அதாவது, சரக்கைப் பதுக்கவில்லை, தேவைதான் எகிறியது. கொரோனாவில் வீட்டில் அடைந்தவர்கள் லேப்டாப்பும் விளையாட்டுப் பெட்டியும் கேட்க, சிப் தயாரிப்பாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த நிதியாண்டில் 1.48 கோடி விற்கத் திட்டமிட்ட சோனியால் 1.15 கோடிதான் விற்க முடிந்தது. தந்திரம் செய்பவர் தன் இலக்கையே கோட்டைவிடுவாரா?

தந்திரம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஷியோமி, ஃபிளிப்கார்ட் மூலம் 40,000 ரெட்மி 1எஸ் போன்களை நான்கே வினாடிகளில் விற்றது. சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கை இறக்கி, "வினாடியில் தீர்ந்தது" என்பதையே விளம்பரமாக்கிய வியாபாரம் அது. கையிருப்பு வைக்கும் செலவும் மிச்சம்.

அதற்காக சோனிக்கு முழு நற்சான்றிதழ் தர வேண்டியதில்லை. போதுமான பெட்டிகள் இல்லை என்று தெரிந்தேதான் கடையைத் திறந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வெளியானது, இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ம் தேதி. அதுவும் கைப்பிடி அளவு. எத்தனை பெட்டிகள் வந்தன என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. இருப்பதைப் பங்கிடும்போது பெரிய சந்தைகளுக்கு முதல் பந்தி, நமக்குக் கடைசி இலை. இது தட்டுப்பாட்டை உருவாக்கும் சதி அல்ல, ஆனால் யோசித்து எடுத்த முடிவு. விலையை உயர்த்தாமல் வைத்ததால் நல்ல பெயர் சோனிக்கு, இடைவெளி லாபம் இடைத்தரகருக்கு.

2023 ஜனவரியில் தட்டுப்பாடு தீர்ந்ததாக சோனி அறிவித்தது. அதற்குள் இந்திய விலை ரூ. 54,990 ஆகியிருந்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ரூ. 7,500 தள்ளுபடி கொடுத்து ரூ. 47,490-க்கு விற்றார்கள். முன்பதிவு நாளில் கேட்டதைவிட ரூ. 2,500 குறைவு, அதுவும் முண்டியடிக்காமல், கடை கவுன்டரிலேயே.