நாளைப்போவாரின் ‘நாளை’: ஆன்ம நோக்கமும் பண்ணை உழைப்பும்

மனிதப் பிறவியின் பயன் வீடுபேறு என்பது சைவக் கொள்கை. அப்பயனை நாடும் உரிமை பண்ணையாளுக்கு உண்டா என்னும் வினாவைக் காவிரிப் படுகையின் நந்தனார் கதை எழுப்புகிறது.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில், ஆதனூர்த் திருநாளைப்போவார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டாற்றுகிறார். தில்லை செல்லும் வேட்கையைத் தம் குலம் குறித்த தயக்கமே தடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ, நிலக்கிழாராகிய வேதியர் தடையாகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்த பின்னரே செல்லலாம் என்கிறார். இறையருளால் ஓரிரவில் பயிர் விளைகிறது.

முன்னதில் ‘நாளை’ என்பது அகத்தயக்கம். பின்னதில் அது பிறர் கையிலுள்ள காலம். ஆயினும், இரு நூல்களிலும் தீயில் மூழ்கிய பின்னரே அவர் தில்லைக்குள் ஏற்கப்படுகிறார். நில உறவு தடையின் வடிவை மாற்றியது. தீண்டாமையின் எல்லையை நீக்கவில்லை.