வால்வு சீல்: சின்ன ரப்பர், பெரிய செலவு

காலையில் ராமகுப்பத்தில் காரை ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து, சற்று நேரத்தில் மறைகிறதா? உடனே பிஸ்டன் ரிங்கைக் குறை சொல்லாதீர்கள்; அடியேன் அப்படி ரிங் மாற்றிப் பணத்தை விட்டவன். குற்றவாளி பெரும்பாலும் வால்வு சீல்தான். பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கி, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது புகைந்தாலும் இதையே சந்தேகிக்கலாம். இறக்கத்தில் இன்லெட் பக்கம் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிவிடும்.

பழைய மாருதி 800-க்கு 6 சீல் போதும். நைட்ரைல் ரப்பர் மலிவு. ஆனால் சூட்டில் இறுகிப்போகும். சுமார் 200 டிகிரி செல்சியஸ் தாங்கும் வைட்டான்தான் கடைசியில் லாபம்.

முதலில் கைடில் வால்வு ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் புது சீலும் நிலைக்காது. சீலை கைடின்மேல் நேராகக் கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். தண்டில் ஆயில் தடவி வால்வை மெதுவாகச் செருகுங்கள். காடி சீலைக் கீறிவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண்!